பாதி வீட்டின் விலை

இன்ஜினியர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நான் விடிந்ததும் விடியாததுமாக வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டேன். வாசல்படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த என் அண்ணன், "ஏத்தா, விலை போட வர்ற ஆளுக்கு வீடு பளபளன்னு தெரிஞ்சா நட்டம் உனக்குத்தான்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வீட்டின் மதிப்பு எவ்வளவு குறைகிறதோ, என் கணவருக்கு நான் கொடுக்க வேண்டிய பங்கும் அவ்வளவு குறையும். தெரிந்தும் கை நிற்கவில்லை. மொசைக் தரையைத் துடைத்தேன். ஜன்னல் கம்பிகளில் படிந்திருந்த செம்மண் புழுதியை ஈரத்துணியால் எடுத்தேன். வேற்று மனிதர் ஒருவர் வந்து அறை அறையாகப் பார்க்கப் போகிறார். அப்போது என் வீடு தலைவாராமல் நிற்பது எனக்குப் பிடிக்கவில்லை.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருடம் அது. வைகாசி மாதம். மலையிலிருந்து இறங்குகிற காற்று அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

வீடு சின்னமனூரில், சீப்பாலக்கோட்டை ரோட்டில் இருந்தது. அந்தப் பக்கம் அப்போது எங்களையும் சேர்த்து நாலைந்து வீடுகள்தான். பின்னால் வாழைத்தோப்பு. மாடியில் நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். எனக்குக் கரண்டு ஆபீசில் வேலை. வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து, அட்டையில் எழுதிவிட்டு வருவேன். என் கணவர் ஜீப் வைத்திருந்தார். விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மலையேறிப் போய் ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிடுவார். பொழுது சாய அவர்களைத் திரும்பக் கூட்டிவருவார். ஜீப் ஓட்டிச் சேர்த்த பணத்தில் மனையை வாங்கினோம். என் சம்பளத்தைக் காட்டி வாங்கிய கடனில் கட்டடம் எழும்பியது. அதனால் பத்திரம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது.

கட்டும்போது அவர் ஜீப்பை வேறொரு டிரைவரிடம் விட்டுவிட்டு அந்த மனையிலேயே கிடந்தார். தண்ணீர் இல்லாத கோடை. டிராக்டரில் தண்ணீர் வாங்கிச் சுவர்களை நனைத்தார். நிலைக்கதவுக்கு ஆஞ்சிலி மரத்தை மலையிலிருந்து அவரே கொண்டுவந்து இறக்கினார். நான் ரீடிங் எடுக்கப் போகிற வீடுகளில் சமையலறை எப்படி இருக்கிறது, அலமாரி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவந்து சொல்வேன். சாயங்காலம் மணல் குவியல்மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசிப் பேசித் தீர்மானிப்போம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் அதிகமாகப் பேசிக்கொண்டது அப்போதுதான்.

வீடு முடிந்தது. பேச்சும் குறைந்துபோனது. இதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை. செங்கல், சிமெண்ட், கடன், தச்சன் வந்தானா வரவில்லையா என்பதைத் தாண்டி எங்களுக்குள் பேச என்ன இருந்தது என்று பிற்பாடு யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் எல்லாரும் அதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குழந்தை இல்லாமல் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிற புருஷன் பெண்டாட்டியை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

குடிபோன சில வருடங்களில் அவர் மலைக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தார். தினமும் இறங்கி வந்தவர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தார். பிறகு மாதத்துக்கு இரண்டு தடவை. மழை, சாலை சரியில்லை, காய் எடுக்க ஆள் இல்லை என்று ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு காரணம். நானும் துருவிக் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சொல்லாமல் வந்தார். நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கைகால்கூடக் கழுவாமல் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"மேல ஒருத்தி இருக்கா."

நான் சேலையைப் பிழிந்துகொண்டிருந்தேன். பிழிவதை நிறுத்தவில்லை.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமாகப் போகுது. இப்ப முழுகாம இருக்கா."

கூடலூர்ப் பக்கத்திலிருந்து காய் எடுக்க வந்த பெண். கட்டினவன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இதையெல்லாம் அவர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். சொல்லி முடித்ததும் அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. சேலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"தெரியல" என்றார்.

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அங்கே போகிறேன் என்றும் சொல்லத் தைரியம் இல்லை, இங்கேயே இருக்கிறேன் என்றும் சொல்ல வாய் வரவில்லை. அப்படி நடுவில் நிற்கிற மனிதரைப் பார்க்க எனக்குக் கோபத்தைவிட அலுப்புத்தான் வந்தது. "சாப்பிட்டுட்டுக் கெளம்புங்க. அந்தப் பிள்ளைக்கு ஒரு அப்பன் வேணும். மிச்சத்த வக்கீல் வச்சுப் பேசிக்கிருவோம்" என்றேன். அவர் சாப்பிடவில்லை. அன்றைக்கு ஆக்கிய சோறு அப்படியே மிஞ்சிவிட்டது. அதில் தண்ணீர் ஊற்றும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

என் அண்ணன் பஜாரில் உரக்கடை வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் போலீசுக்குப் போகலாம் என்று குதித்தார். நான் தடுத்தேன். இரண்டு பேரும் சம்மதித்து விலகுவது என்று முடிவானது. உத்தமபாளையத்தில் ஒரே வக்கீலைப் பார்த்தோம். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில் வீட்டை என்ன செய்யப்போகிறீர்கள் என்றார்.

என் கணவர் சட்டென்று சொன்னார். "வீடு முழுசும் இவ பேருக்கே எழுதிக் குடுத்துர்றேன் சார். எனக்கு ஒண்ணும் வேணாம்."

வக்கீலுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்பறம் என்னம்மா, சுளுவா முடிஞ்சது."

"எனக்கு வேணாம் சார்" என்றேன். "பாதி அவுகளோடது. அந்தப் பாதிக்கு என்ன விலையோ அதக் குடுத்து வாங்கிக்கிறேன்."

"எதுக்கும்மா? அவரே மனசு வந்து குடுக்குறாரு."

"அதனாலதான் வேணாங்கிறேன்."

வக்கீல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே வந்ததும், கூட வந்திருந்த அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரை என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். "தப்புப் பண்ணினவன் குடுக்கிறான், வாங்கிக்கிற வேண்டியதுதானே? நீ எதுக்குக் கடன்பட்டுக் குடுக்கணும்?" எனக்கு அப்போது அதை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. அந்த வீட்டை அவர் சும்மா கொடுத்து நான் வாங்கிவிட்டால், எங்கள் இருவருக்கும் இடையில் எல்லாம் சரியாகிப் போய்விடும். அவர் செய்தது ஒரு பக்கம், கொடுத்தது மறு பக்கம் என்று நேராகிவிடும். அவர் அப்படி லேசாக மலையேறிப் போவதை நான் விரும்பவில்லை. நான் ஒன்றும் பெருந்தன்மையால் மறுக்கவில்லை. கோபத்தில்தான் மறுத்தேன்.

அவர் பங்குக்குப் பணம் தர எனக்குப் பேங்கில் கடன் வாங்க வேண்டியிருந்தது. வீட்டின் மதிப்பு இவ்வளவு என்று அங்கீகாரம் பெற்ற இன்ஜினியர் எழுதித் தந்தால்தான் கடன் கிடைக்கும். கோர்ட்டில் கொடுக்கவும் அது வேண்டும் என்று வக்கீல் சொன்னார். அப்படித்தான் தேனியிலிருந்து அந்த இன்ஜினியர் வந்தார்.

அவருக்கு ஐம்பது வயது இருக்கும். பழைய ஸ்கூட்டர். தோளில் ஒரு பை. என் கணவர் அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தார். ஜீப்பை ஏற்கனவே விற்றுவிட்டதால் பஸ்ஸில் வந்திருந்தார். கேட்டைத் திறக்காமல் வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். அந்தக் கேட்டுக்கு வெல்டிங் வைக்கும்போது கூடவே நின்று பார்த்தவர், இப்போது யாராவது கூப்பிட வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க" என்றேன்.

செருப்பை வாசலில் கழற்றினார். எப்போதும் பக்கவாட்டில் சுற்றிப்போய்ப் பின்பக்கம்தான் கழற்றுவார். முன்வாசலில் விருந்தாளிகள்தான் கழற்றுவார்கள். இளைத்திருந்தார். சட்டைக் காலர் நைந்திருந்தது. அண்ணன் அவரைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கடை திறக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்.

இன்ஜினியர் டேப்பை எடுத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "என்கூட வர்ற ஆளுக்கு இன்னைக்குக் காய்ச்சல். யாராவது ஒருத்தர் மறுபக்கம் பிடிக்கணும்."

"நான் பிடிக்கிறேன் சார்" என்றார் என் கணவர்.

ஹாலை இன்ஜினியரும் அவரும் அளந்தார்கள். அடுத்த அறைக்கு வந்தபோது இன்ஜினியர், "எனக்கு நின்னு எழுத வசதியா இருக்கும், நீங்க இந்தப் பக்கம் பிடிங்கம்மா" என்று டேப்பின் இன்னொரு முனையை என் கையில் கொடுத்துவிட்டார். அது நாங்கள் படுக்கிற அறை. கட்டிலுக்கு அந்தப்புறச் சுவரில் அவர், இந்தப்புறச் சுவரில் நான். நடுவே டேப் தொய்ந்து கட்டில்மேல் கிடந்தது.

"கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்றார் இன்ஜினியர்.

இழுத்தோம். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் தன் விரல் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனையோ மாதங்களாக வராத வெட்கம் எனக்கு அப்போது வந்தது. ஏன் என்று இன்றுவரை தெரியாது.

அளந்து முடித்ததும் இன்ஜினியர் சுவர்களைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"சார், இங்கன பாருங்க, விரிசல்."

மேற்குச் சுவரில், ஜன்னலுக்கு மேலே, மயிரிழை மாதிரி ஒரு கோடு. இன்ஜினியர் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"மாடிப்படி மூலையில மழைக்கு ஒழுகும் சார். அப்பறம் இந்தத் தரை, அங்கங்க இறங்கியிருக்கு. சமையக்கட்டுல ஈரம் ஏறும்."

"ஈரமெல்லாம் ஏறாது சார்" என்றேன் நான். "அது பாத்திரம் கழுவுற இடம், அதான் நனைஞ்சிருக்கு. தரையும் எங்கயும் இறங்கல. கோலிக்குண்டு வச்சுப் பாருங்க, உருளாது."

என் குரல் உயர்ந்துவிட்டது. ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டை, வந்த ஆளிடம் ஒவ்வொன்றாகக் குறை சொல்கிறாரே என்று இருந்தது. ஏதோ என்னையே நிற்க வைத்துக் குறை சொல்வதுபோல எடுத்துக்கொண்டேன். அவர் ஒன்று சொல்வார், நான் இல்லை என்பேன். கதவு பூச்சி அரித்தது என்றார். ஆஞ்சிலி மரத்தைப் பூச்சி தொடுமா சார் என்று நான் கேட்டேன். இன்ஜினியர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நானும் இந்த மாதிரி எத்தனையோ வீட்டுக்குப் போயிருக்கேன். பணம் வாங்கப் போறவுக வீட்ட ஓகோன்னு சொல்வாக. குடுக்கப் போறவுக அது நொட்டை இது நொள்ளைம்பாக. இங்க என்ன தலைகீழா இருக்கு?"

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பைப் பார்த்துக்கொண்டு, கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"எல்லாத்துக்கும் மேல அஸ்திவாரம் சரியில்ல சார். இது கரம்பை மண்ணு. காசு பத்தாம மேலாப்புல தோண்டிக் கட்டிட்டோம்."

"பொய்" என்றேன்.

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. அந்த அஸ்திவாரம் எனக்குத் தெரியும். கொத்தனார் போதும் போதும் என்று சொன்ன பிறகும், கரம்பை மண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், வீட்டைப் பிளந்துவிடும் என்று இவர்தான் ஆள் வைத்து இன்னும் தோண்டினார். கடைசி இரண்டு நாள் ஆளுக்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லாமல் தானே குழிக்குள் இறங்கினார். ஆற்று மணலை நிரப்பித் தண்ணீர் விட்டு இறுக்கினார். அதற்காக என் வளையல் இரண்டு அடகுக்குப் போனது. நான் குழியின் ஓரத்தில் நின்று மண்கூடையை வாங்கி வாங்கிக் கொட்டினேன்.

"ஆளுக்கு ஒண்ணு சொன்னா நான் எதை எழுதுறது?" என்றார் இன்ஜினியர். "மம்பட்டி இருக்கா? ஒரு மூலையில தோண்டிப் பாத்துருவோம்."

மண்வெட்டி பின்னால் இருந்தது. நான் எடுத்துவந்தேன். என் கணவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேற்கு மூலையில் சுவரை ஒட்டிக் குனிந்தார். இரண்டு வெட்டு வெட்டினார். மூன்றாவது வெட்டுக்கு ஓங்கிய கையை அப்படியே இறக்கினார்.

"ஆழமாத்தான் சார் இருக்கு" என்றார். "மணல் போட்டுத்தான் கட்டினது. ஒரு கொறையும் இல்ல."

மண்வெட்டியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் தாண்டி மாடிப்படி ஏறிப் போய்விட்டார். இன்ஜினியர் என்னைப் பார்த்தார். "போய்ப் பேசிட்டு வாங்கம்மா. எனக்கு அவசரமில்ல. நான் அதுக்குள்ள போர், தொட்டியெல்லாம் பாத்து முடிக்கிறேன்" என்றார்.

மாடியில் காற்று சேலையைப் பிய்த்துக்கொண்டு போனது. அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார். மலைக்கு மேலே கறுத்திருந்தது.

"எதுக்கு இப்படி நாடகம் போடுறீக?" என்று கேட்டேன்.

"சும்மா குடுத்தா வாங்க மாட்டேங்கிற. கொறைச்சாவது குடுக்கலாம்னு பாத்தேன்."

"நான் கேட்டனா?"

"கேக்கல. வேற என்னத்தக் குடுக்க முடியும் என்னால? நீயே சொல்லு."

"ஒண்ணும் குடுக்க வேணாம். குடுத்துட்டா உங்களுக்கு மனசு ஆறிரும். எனக்கு ஆறாது. அதுக்கு இந்த வீட்ட ஏன் இழுக்குறீக?"

ஏதாவது இன்னும் சுடச்சுடச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அப்போது அவர் சட்டைக் காலர் மறுபடி கண்ணில் பட்டது. தைத்துப் போட ஆளில்லையா என்று நினைத்தேன். நினைத்தது எனக்கே பிடிக்கவில்லை.

"தோட்டம் எப்படி இருக்கு?"

"போன மழையில செடி பாதி அழுகிப்போச்சு. விலையும் படுத்துருச்சு. ஜீப்ப வித்துத்தான் குத்தகை கட்டினேன்."

"எங்கன தங்கியிருக்கீக?"

"தோட்டத்துலதான். தகர ஷெட்டு."

"ஷெட்டுலயா? அந்தப் பொண்ணுமா?"

தலையை ஆட்டினார். "இன்னும் ரெண்டு மாசத்துல பெத்துருவா."

இரண்டு மாதம் என்றால் ஆடி. மலையில் மழை கொட்டுகிற மாதம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவர் ஜீப்பில் அந்தப் பக்கம் போயிருக்கிறேன். பட்டப்பகலிலும் குளிர் எலும்பில் இறங்கும். தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அங்கே ஒரு பச்சைப்பிள்ளை.

"இப்படி இருந்துக்கிட்டு வீட்ட எனக்குச் சும்மா எழுதித் தர வந்தீகளாக்கும்" என்றேன். எனக்குக் கோபம் மாறி மாறி எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. "உங்க பாதிய முழுசா வாங்கிக்கிருங்க. வாங்கி, கம்பத்துலயோ கூடலூர்லயோ ஓடு போட்ட ஒரு வீடு பாருங்க. மழைக்கு முன்னால அவளக் கீழ கூட்டிட்டு வந்துருங்க. உங்களுக்காகச் சொல்லல. உங்க முகத்தப் பாக்கவே எனக்குப் பிடிக்கல. அந்தப் பிள்ளை யாருக்கு என்ன செஞ்சுச்சு?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். காற்றில் விழுந்த தூசியையா, கண்ணீரையா, தெரியவில்லை. "உனக்குக் கடன் ஏறிப்போகுமே" என்றார்.

"ஏறட்டும். எனக்குச் சம்பளம் வருது."

எவ்வளவோ காலத்துக்குப் பிறகு ஒன்றை இரண்டு பேரும் பேசித் தீர்மானித்திருந்தோம். கீழே இறங்கினபோது இன்ஜினியர் போர் மோட்டாரின் மூடியைத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சதா?"

"முடிஞ்சது சார்" என்றார் அவர். "இருக்கிறத இருக்கிறபடி எழுதுங்க."

மூன்று பேருக்கும் காபி போட்டேன். இன்ஜினியர் காபியைக் குடித்துக்கொண்டே, நல்ல வேலை, இந்தப் பக்கத்தில் கரம்பை மண்ணில் இவ்வளவு அக்கறையாக யாரும் கட்டுவதில்லை என்றார். என் கணவர் அதைக் கேட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. போகும்போது, தோண்டிய இடத்தில் மண்ணைத் தள்ளிக் காலால் மிதித்து மூடிவிட்டுப் போனார்.

மதிப்பு நாங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாகவே வந்தது. அண்ணனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா பாதி மிச்சமாயிருக்கும், நீயே கூட்டிவச்சுட்ட" என்று கத்தினார். பொங்கல் வரைக்கும் என் வீட்டுப் பக்கம் வரவில்லை. அண்ணிதான் இடையிடையே வந்து, "அவுக கோவம் உங்க மேல இல்ல, மாப்ள மேல" என்று சமாதானம் சொல்லிவிட்டுப் போவாள்.

பேங்கில் கடன் கிடைத்தது. கோர்ட்டில் மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அதற்காக நாங்கள் பணத்தைத் தள்ளிப்போடவில்லை. மழை முந்திக்கொள்ளும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனி முடிவதற்குள் ரிஜிஸ்தர் ஆபீசில் அவர் தன் பாதியை எனக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிடுவதற்காகக் காத்திருந்தோம். அங்கே வந்திருந்த ஒரு பெரியம்மா, நாங்கள் புது வீடு வாங்க வந்தவர்கள் என்று நினைத்து, "எங்கன வாங்குறீக? தண்ணி வசதி இருக்கா?" என்று கேட்டார்கள். நான் பதில் தேடிக்கொண்டிருக்கையில் அவர், "நல்ல தண்ணி ஆத்தா, போர் வத்தாது" என்றார். வெளியே வந்து பேங்க் செக்கைக் கொடுத்தேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கம்பம் பஸ் ஏறினார்.

மறு வருடம் தீர்ப்பு வந்தது. அன்று கோர்ட்டில் எங்களுக்கு ஆன வேலை ஒரு டீ குடிக்கிற நேரம்கூட இல்லை.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள் லேசாக இல்லை. சம்பளத்தில் பாதி கடனுக்குப் போனது. மாடியில் ஒரு அறை கட்டி வாடகைக்கு விட்டேன். உச்சி வெயிலில் தெருத்தெருவாக ரீடிங் எடுக்கும்போது, சும்மா வந்ததை வேண்டாம் என்று சொன்ன கூறுகெட்டவள் நான் என்று பல தடவை என்னையே திட்டியிருக்கிறேன். அண்ணன் சொன்னதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது, இது எனக்கு யாரும் பாவம் பார்த்துக் கொடுத்தது இல்லை என்ற நினைப்பு வரும். அந்த நினைப்போடு அடுப்பைப் பற்றவைத்து ஒரு காபி போட்டுக் குடிப்பேன். தனியாக இருக்கிறவளுக்கு அது பெரிய துணை.

கடன் முடியச் சில வருடம் இருக்கும்போது, ஆபீசில் கூட வேலை பார்த்த ஒருத்தியின் மகள் கல்யாணத்துக்காகக் குமுளிக்குப் போனேன். கம்பத்தில் பஸ் மாறினேன். முன்பக்கம் ஜன்னலோரத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கூடலூரில் நின்ற பஸ் கிளம்புகிற நேரத்தில் அவர் ஏறினார். தலை நரைத்திருந்தது. கையில் ஒரு பெண் குழந்தை, மூன்று நான்கு வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் தயங்கினார். வேறு இடம் இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீங்க?"

"கூடலூர்லதான் இருக்கோம். அங்கனயே ஒரு மளிகைக் கடை போட்டுருக்கேன். குமுளியில இவளுக்கு ஒரு டாக்டரப் பாக்கணும். இருமல் விட மாட்டேங்குது."

குழந்தை என் கண்ணாடி வளையல்களையே பார்த்துக்கொண்டிருந்தது. அவருடைய அதே அகன்ற நெற்றி. பெயர் என்ன என்று கேட்டேன். சொல்லாமல் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. லோயர்கேம்ப் தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பித்தது. முதல் வளைவிலேயே குழந்தையின் முகம் வெளுத்தது.

"வாந்தி எடுக்கும்" என்றார் அவர் பதறிப்போய். "வளைவுன்னா இவளுக்கு ஆகாது."

"இங்கிட்டு விடுங்க, காத்துப் படட்டும்" என்று நான் எழுந்து, ஜன்னலோரத்தை அவர்களுக்கு விட்டுக் கொடுத்தேன். அவர் நகர்ந்து உட்கார்ந்து குழந்தையின் தலையை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டார். நான் என் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அதன் மூக்குக்கிட்டே வைத்தேன். குழந்தை அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு முகர்ந்து பார்த்தது.